நாலாம் மாடிக்கான மௌனம்

"அக்கா, நீ என்கிட்டதானே பேசற?"

"இல்ல, ஏழாம் நம்பர் பெட் தாத்தாகிட்ட. அவர் தூக்கத்துலயே பதிலும் சொல்றார். என்னடி கேள்வி இது?"

சின்னவள் சிரிக்கவில்லை. சமையலறையில் பாத்திர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்ததில் காது சுட்டது. அக்கா வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலையில் வார்டு அடங்கிய பிறகுதான் அவளோடு நாலு வார்த்தை பேச முடியும்.

"மெதுவாப் பேசுக்கா. அம்மா தூங்கறா. மேல வேற கேட்டுடும்."

"மேல யாரு இருக்கா? நாலாம் மாடி காலின்னுதானே சொன்னே?"

அதைச் சொல்லத்தான் அவள் கூப்பிட்டிருந்தாள். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் அக்கா தெர்மாமீட்டரை வைத்துப் பார் என்பாள்.

"முதல்லேருந்து சொல்றேன். நடுவுல கிண்டல் பண்ணாதே."

"பண்ணல. சொல்லு."

அம்மாவும் சின்னவளும் அந்தப் பழைய நாலு மாடிக் கட்டிடத்துக்குக் குடிவந்த அன்று, வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முகத்தில் பாதியை மீசைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கட்டிடம் முழுக்க அவரை மீசை மாமா என்றுதான் கூப்பிடும். சின்னவள் தலையணை மூட்டையோடு வண்டியிலிருந்து இறங்கியதும், "வாயாடி வந்தாச்சு," என்றார்.

"நான் இன்னும் வாயே திறக்கலையே, மாமா."

"திறந்துட்டே பாத்தியா."

அந்த ஊரில் ஆறு பாகமாக வந்த ஒரு நாவல் வரிசை உண்டு. நீல அட்டை. ஒரே கட்டிடத்தில் குடியிருக்கும் அக்கம்பக்கத்தார் கதை: தண்ணீர் சண்டை, காதல், ரகசியம், சமாதானம். ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எழுதியவர் இந்தக் கட்டிடத்தில்தான் எப்போதோ குடியிருந்தாராம். எந்த மாடி என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டைக் காட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

குடியிருந்தவர்களுக்கு அந்தப் பித்து இன்னும் ஒரு படி மேலே. வெள்ளிக்கிழமை சாயங்காலம், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற அகலமான இடத்தில் ஆளுக்கொரு நாற்காலியோடு கூடுவார்கள். மீசை மாமா கதையைப் படித்துக்கொண்டு போவார். அந்தந்த வீட்டு ஆள் பேசுகிற இடம் வந்தால் புத்தகம் கைமாறும். அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் அந்த வசனத்தைப் படிக்க வேண்டும். ஆறாம் பாகம் முடிந்தால் மறுபடி முதல் பாகம். புத்தகத்தில் மூன்றாம் மாடியில் ஒரு அம்மாவும் மகளும். மகள் பெயர் வாயாடி. அந்த மாடிக்குக் குடிவந்ததால் சின்னவள் வாயாடி ஆனாள். அவளுக்கென்று ஒரு மஞ்சள் ஸ்டூலும் வந்தது.

ஆளில்லாத வீட்டின் வசனம் வந்தால் வேறு யாரும் அதைப் படிக்கக் கூடாது. எல்லாரும் மௌனமாக இருப்பார்கள், வசனம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். பிறகு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடர்வார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காக எத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம் தெரியுமா?" என்றார் மாமா. "இப்ப நாலாம் மாடி மட்டும்தான் பாக்கி. மேல கூரை ஒழுகுது, எவனும் குடிவர மாட்டேங்கறான்."

"நீங்களே படிச்சுடலாமே, மாமா."

"அடுத்தவன் ரூட்ல நான் வண்டி ஓட்டறதில்லம்மா."

முதலில் அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மா கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குப் பார்வை அளந்து, ஃபிரேம் பொருத்திக் கொடுப்பது வேலை. நாள் முழுக்க எழுத்துப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தால் சாயங்காலமும் எழுத்தா என்று அலுத்துக்கொண்டவள், ஒரு பாகம் முடிவதற்குள் வெள்ளிக்கிழமைக்காக வியாழக்கிழமையே தலைக்குக் குளிக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு விசிலடிக்கத் தொடங்கினாள். பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, மெல்லிசாக ஒரு விசில்.

"உனக்கு எப்பம்மா விசிலடிக்க வந்துச்சு?"

"எனக்கு எப்பவுமே வருமே," என்றாள் அம்மா.

வராது. சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்து மூன்றாம் மாடி அம்மாதான் விசிலடிப்பாள்.

"ஏய், அதெல்லாம் சாதாரணம்டி. எனக்கே எங்க ஹெட் நர்ஸோட நடை வந்துடுச்சு," என்றாள் அக்கா போனில்.

"இரு. இன்னும் நான் பண்ணினதைச் சொல்லல."

இரண்டாம் பாகத்தில் ஒரு அத்தியாயம். வாயாடி அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடுவாள். அடுத்த பக்கத்தில் திரும்பி வந்து, வாசலில் நின்று அழுவாள். "தப்பு என்மேலதான். எனக்குப் போக வேற எடம் இல்லம்மா. கதவைத் திற." அதற்கு அம்மா, "நேரமாச்சேடி, எல்லாம் ஆறிடப்போகுது. உள்ள வா," என்பாள். ஊரில் பலருக்கு மனப்பாடமான இடம் அது. அந்த வெள்ளிக்கிழமை படிக்கட்டே கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தது.

சின்னவள் மட்டும் கைக்குட்டை எடுத்து வரவில்லை. எதிரே பல் டாக்டர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடி. இவள் வகுப்புதான். ஒருவர் தும்மினால்கூட மறுநாள் வகுப்பறையில் அதே மாதிரி தும்மிக் காட்டுகிறவள். அவள் முன்னால் அழுது, அம்மாவிடம் கெஞ்சுவதா? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க "கதவைத் திற" என்று பின்னால் வரும். போதாததற்கு அன்று காலையில்தான் அம்மாவோடு நிஜமாகவே ஒரு சண்டை. இந்த விசிலை நிறுத்தித் தொலையேன் என்று கத்தியிருந்தாள்.

வாயாடி கதவைச் சாத்திவிட்டுப் போகும் வசனத்தைப் படித்தாள். அது சுலபமாக வந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பும் சாக்கில் இரண்டு தாளாகச் சேர்த்துத் திருப்பி, புத்தகத்தை மாமாவிடம் நீட்டிவிட்டாள்.

மாமா குனிந்து பார்த்தார். மீசை ஒருமுறை ஏறி இறங்கியது.

"ஸ்டாப்பைத் தாண்டிட்டேம்மா," என்றார் அவர்.

"திரும்பிப் படிக்கட்டுமா, மாமா?"

"நான் ரிவர்ஸ் எடுக்கறதில்ல. இங்க படிச்சது படிச்சதுதான்." அவர் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்களைக் கண்ணாடியில் பார்க்கிற வருத்தம் மட்டும் இருந்தது. அடுத்த அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினார்.

படிக்கப்பட்ட கதையில் வாயாடி வீட்டை விட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

அன்று இரவு அம்மா ஒரே ஒரு தட்டு எடுத்து வைத்தாள். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்தாள். தானே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா எதிரே உட்கார்ந்து, அவள் இருந்த பக்கம் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

மறுநாள் படியில் மாமாவுக்கு வணக்கம் சொன்னாள். அவர் அவளைத் தாண்டி, மேலே யாரையோ எதிர்பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் எப்போதும்போல் அவள் பெயரைக் கூப்பிட்டாள், எப்போதும்போல் திட்டினாள். ஆனால் பல் டாக்டர் வீட்டுப் பெண், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒருமுறைகூட இவள் பக்கம் திரும்பவில்லை. கேலிகூடச் செய்யவில்லை. அந்தக் கட்டிடத்துக்காரர்களுக்கு மட்டும் இவள் இல்லை.

வீட்டில் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

"நீ ஏன்டி எனக்கு அப்பவே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அம்மாவுக்கு நான் தெரியலன்னா? நீ அம்மாகிட்ட கேப்பே. அம்மா, யாரைச் சொல்றேன்னு கேப்பா. அதை நீ என்கிட்ட வந்து சொல்லுவே. அதைக் கேக்க எனக்குப் பயமா இருந்துச்சுக்கா."

அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் ஸ்டூல் இல்லை. யாரோ அதை மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள். சின்னவள் நடுவில் நின்று, விட்டுப்போன பக்கத்தை நினைவிலிருந்து உரக்கச் சொன்னாள். அழுதும் காட்டினாள். பல் டாக்டர் கொட்டாவி விட்டார். அம்மா தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அவள் கீழ்ப்படியில் சரிந்து உட்கார்ந்தபோதுதான் கதையில் ஒரு புது ஆள் நுழைந்தாள். நாலாம் மாடிக்குக் குடிவருகிற ஒருத்தி. பெயரில்லை, கையில் ஒரு பெட்டி. மாமா, "அவள் படியேறி வந்து, மூன்றாம் மாடிக் கதவின் முன் நின்று சொன்னாள்," என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

மௌனம். எல்லார் முகமும் மேலே, இருட்டுப் படிகளை நோக்கித் திரும்பியிருந்தது.

காலியாக இருக்கிற ஒரு குரல் என்று சின்னவளுக்கு உறைத்தது. எழுந்தாள். மாமாவின் தோள் மேலாக எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"மேல் வீட்டுக்கு வந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அத்தனை தலைகளும் சடாரென்று அவள் பக்கம் திரும்பின. அம்மா அவளைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண். அப்புறம் ஒரு புதியவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அம்மாவின் முகத்தில் மலர்ந்தது.

"வாங்க வாங்க. தனியாவா வந்தீங்க?"

அது புத்தகத்தில் இருந்த வசனம்தான். கூட்டம் கைதட்டியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாம் மாடிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. மழை பெஞ்சா கட்டிலை மட்டும் நகத்திப் போட்டுக்கங்க."

அப்படித்தான் அவள் தன் அம்மாவுக்கு மேல் வீட்டுக்காரி ஆனாள். ஈரச்சுவர், ஒரு கட்டில், ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. இரவில் தரை வழியாகக் கீழே அம்மாவின் விசில் கேட்கும். காலையில் அம்மா டீ கொண்டுவந்து கொடுத்து, "நீங்க" என்பாள். "உங்களைப் பாத்தா எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க."

ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டாள்: "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு. பெரியவ நர்ஸ். சின்னவ வெளிய போயிருக்கா." அம்மா டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. வந்துடுவா. ராத்திரி கதவைத் தாழ் போடறதே இல்ல நான்."

போனில், வார்டின் ஏதோ ஒரு மிஷின் விட்டு விட்டுக் கூவியது.

"அக்கா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

டீ கிளாஸோடு அம்மா கீழே போன பிறகு அவள் யோசித்தாள். முதலில் அந்தப் பக்கத்தைச் சொன்னபோது அவளுக்குக் குரல் இல்லை. இப்போது இருக்கிறது, இரவல் குரலாக இருந்தாலும். அம்மாவுக்குக் கேட்கும். சொல்லித்தான் பார்ப்போமே என்று மறுநாள் பள்ளிக்குப் போகாமல் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கடையில் நல்ல கூட்டம். அம்மா மேல் வீட்டுக்காரியை அடையாளம் கண்டு, வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறீங்களேன்னு நானே சொல்லணும்னு இருந்தேன்." கனத்த சோதனை ஃபிரேமை அவள் மூக்கில் ஏற்றினாள். காதோர முடியை ஒதுக்கிவிட்டாள், எப்போதும் ஒதுக்கிவிடுகிற மாதிரியே. ஒரு கண்ணாடி வில்லையைச் செருகினாள். அம்மாவின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அம்மாவின் மூச்சில் டீ வாசனை.

"இப்ப எழுத்து தெரியுதா?"

சின்னவளுக்கு எழுத்துப் பலகை கண்ணீரில் கரைந்து ஓடியது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். யாரோ, சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

"தப்பு என்மேலதான்," என்றாள். குரல் உடைந்தது. "எனக்குப் போக வேற எடம் இல்லம்மா. கதவைத் திற."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. கையிலிருந்த அடுத்த வில்லையை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். ஃபிரேமைக் கழற்றினாள். புறங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"நேரமாச்சேடி," என்றாள் அம்மா. "எல்லாம் ஆறிடப்போகுது. உள்ள வா."

அன்று அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை வீட்டு வாசல்வரை விடவில்லை. கேட்டில் மீசை மாமா, "எங்க போயிட்டே வாயாடி, கட்டிடமே ஊமையாயிடுச்சு," என்றார். மஞ்சள் ஸ்டூல் அதன் இடத்துக்கு வந்திருந்தது. பல் டாக்டர் வீட்டுப் பெண் மறுநாள் பெஞ்சில் அவளைத் திரும்பிப் பார்த்து, "கதவைத் திற" என்று மூக்கால் அழுது காட்டினாள். சின்னவளுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நாலாம் மாடியைப் பூட்டி, சாவியை மாமா வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். விஷயம் அதோடு முடிந்ததென்று நினைத்தாள்.

"முடிஞ்சுதானே போச்சு? அப்புறம் எதுக்குடி இப்படிப் பயப்படறே?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைக்கா."

அன்று சாயங்காலம் நாலாம் மாடிக்காரியின் வசனம் ஒன்று வந்தது. மாமா நிறுத்தினார். இனிமேல் அந்த வீட்டில் ஆளில்லை, மௌனம்தான் என்று சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. சத்தியமாக மூடியிருந்தது.

மேலே, இருட்டுப் படியிலிருந்து, அவளுடைய குரல் பேசியது.

"மேல ரொம்பக் குளிருது. கொஞ்ச நேரம் உங்ககூட உக்காந்துக்கட்டுமா?"

அதே குரல். வார்த்தையின் கடைசியில் லேசாக இழுக்கிற அதே பழக்கம். யாரும் திடுக்கிடவில்லை. பல் டாக்டர் தலையசைத்தார். மாமா பக்கத்தைத் திருப்பினார். அம்மா மட்டும் படியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப்போட்டுக்கொண்டாள். மஞ்சள் ஸ்டூலுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.

"நான் விட்டுட்டு வந்த குரல்தான்க்கா அது," என்றாள் சின்னவள். "எனக்காகத் திறந்த எடத்துல அது உக்காந்துடுச்சு. இப்ப தலைக்கு மேல நடக்குது. அதான் நானே இன்னிக்கு எங்க கதவுக்குத் தாழ் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

அக்காவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"நீ நேத்தும் இதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டே."

"இல்லையே. நேத்து நான் தூங்கிட்டேனே."

"உன் குரல்தாண்டி. அழுதே. தனியா இருக்கேன், அம்மா என்னை நீங்கன்னு கூப்பிடறான்னு சொன்னே. எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ சண்டைன்னு நினைச்சேன்." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்ட போய் தப்பு என்மேலதான்னு சொல்லிடு, அம்மா கதவைத் திறந்துடுவான்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மேலே நடை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. படியில் யாரோ இறங்கினார்கள், செருப்பில்லாத காலோடு. அது இறங்கி வந்து, மூன்றாம் மாடியில் நின்றது. கதவை விரல் முட்டியால் மெல்லத் தட்டியது.

"தப்பு என்மேலதான்," என்றது வெளியே. "எனக்குப் போக வேற எடம் இல்லம்மா."

படுக்கையறை விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து வந்தாள், கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு. சமையலறை வாசலைக் கடக்கும்போது சின்னவள் சந்திலிருந்து எட்டி அவள் புடவையைப் பிடித்தாள். "அம்மா, போகாதே. நான் இங்க இருக்கேன்மா."

புடவை எங்கோ ஆணியில் மாட்டிக்கொண்டதுபோல் அம்மா அதை உருவி விடுவித்துக்கொண்டாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு தாழ் போட்டது?" என்று முணுமுணுத்தபடி கதவுப் பக்கம் போனாள். பிறகு ஆசையாக, அவசரமாக, "நேரமாச்சேடி," என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது.

சின்னவளின் கையிலிருந்த போனில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஹலோ? லைன்ல யாராவது இருக்கீங்களா? ஹலோ?"